சத்தத்துக்கு முன்னால் ஒரு நடுக்கம்

உள் அறையில் முதலில் 'டக்' என்று ஒரு சத்தம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே 'ணங்' என்று இன்னொன்று. பிறகு ஒரு காசு சிமெண்ட் தரையில் உருண்டு ஓடி, கட்டில் காலில் மோதிச் சாய்கிற சத்தம்.

முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த சீட் கவர்காரருக்கு மிதியில் இருந்த கால் அப்படியே நின்றது. ஊசிக்கு அடியில் யாரோ ஒருவருடைய காரின் பின்சீட் உறை பாதி தைத்தபடி கிடந்தது. அவர் அடுத்த 'டக்'குக்காகக் காத்திருந்தார். வந்தது. கூடவே காசும் விழுந்தது.

"டேய் தம்பி, காலையிலேருந்து உன் பொண்டாட்டி காசாக் கொட்டறா. ஒண்ணாவது நம்ம வீட்ல தங்குதா பாரு," என்றாள் அவருடைய அக்கா, சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டே.

"நீ சும்மா இரு. உள்ள கேக்கப் போகுது."

"கேக்கட்டும். நான் என்ன பொய்யா சொல்றேன்?"

உள்ளே அவர் மனைவி தரையில் குப்புறப் படுத்திருந்தாள். தோட்டா இல்லாத ரைஃபிள். குழலை ஒரு மணல் பையின் மேல் சாய்த்து, நுனிக்குப் பக்கத்தில் ஒரு காசை வைத்துவிட்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு மெல்லப் பின்கட்டையைத் தோளோடு அணைத்து, விசையை இழுப்பாள். கை சுத்தமாக இருந்தால் 'டக்' சத்தம் மட்டும் கேட்கும். காசு இருந்த இடத்திலேயே இருக்கும். காசு விழுந்தால், குண்டு கிளம்புவதற்கு முன்பே கை துப்பாக்கியை அசைத்துவிட்டது என்று அர்த்தம். போன வருடம்வரை அந்தக் காசு பசை போட்டு ஒட்டினதுபோல உட்கார்ந்திருக்கும். இப்போது விழுந்துகொண்டே இருந்தது.

தெருவில் அவளைத் துப்பாக்கியக்கா என்பார்கள். வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகிற வண்டியில் காவலுக்குப் போகிறவள். முன்னால் டிரைவர், நடுவில் இரும்புப் பெட்டிகளோடு காசாளர், பின்னால் மடியில் ரைஃபிளோடு இவள். வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்குச் சுட்டுக் காட்ட வேண்டும். பதினோரு வருடமாகச் சுட்டுக் காட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு வந்தவள், போன வாரம் தோற்றுப்போனாள். அதுவும் சாதாரணத் தோல்வியா! பாதிக் குண்டுகள் குறி அட்டையையே தொடவில்லை. "இத்தனை வருஷ மரியாதைக்காக இன்னொரு வாய்ப்பு. வர ஞாயிறு," என்றுவிட்டார்கள். அதிலும் தோற்றால் லைசென்ஸ் போகும். வண்டியில் அவள் உட்காரும் இடம் வேறொருவருக்குப் போகும்.

சீட் கவர்காரர் எழுந்துபோய் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவள் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். கட்டில் அடியில் கிடந்த காசை எடுத்து அவர் நீட்டினார்.

"வேணாங்க. போதும். குறி பாக்கற சைட்ல ஏதோ கோளாறு. நாளைக்கு கிளப்புக்குப் போய்ச் சரிபண்ணிக்கறேன்."

"நானும் வரட்டுமா?"

"கடை?"

"கடை எங்க ஓடிப்போகுது? கார்க்காரன்தான் ஓடிப்போவான்."

அவள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகம்தான் அவரை அறுத்தது.

அவளை அவர் முதன்முதலில் பார்த்தது அந்தத் துப்பாக்கி கிளப்பில்தான். அங்கே படுத்துச் சுடுவதற்கு விரிக்கிற கெட்டிப் பாய்களைத் தைத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு வந்திருந்தது. அப்போது அவள் கிளப்பில் தரை பெருக்கி, வெடித்துக் கிடக்கிற பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறவள். மெம்பர்கள் போனபின் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த துப்பாக்கியோடு, அவர் தைத்த பாயில் அவள் படுத்திருந்தாள். ஒரு மனுஷி இவ்வளவு அசையாமல் இருக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டே, ஏதாவது பேச வேண்டுமே என்று, "பாய் மெத்துன்னு இருக்குங்களா?" என்று கேட்டார்.

"பேசாதீங்க. மூச்சு கலையுது," என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடமாகியும், அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர் தன் வாழ்க்கையின் முதல் காதல் வசனமாக நினைத்துக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் அவரைக் கேலி செய்வார்கள்: "ஏங்க, உங்க வீட்ல குழம்புக்கு உப்பு கம்மின்னு சொல்ற தைரியம் உங்களுக்கு உண்டா?" அவரும் சிரித்துவிட்டு, "உப்பு கம்மியா இருக்கறதே உடம்புக்கு நல்லதுங்க," என்பார். ஆனால் வண்டி கிளம்பிப் போனபின், சாயங்காலம் கேட் சத்தம் கேட்கும்வரை, அவர் போடுகிற தையல் ஒன்றும் நேராக வராது. அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

மறுநாள் காலை கிளப்பில் இவர்களைத் தவிர யாருமில்லை, டமாரத்தைத் தவிர. டமாரம் அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவன். வருஷக்கணக்காக வெடிச் சத்தத்தில் நின்று நின்று காது மந்தமாகி, குரல் மட்டும் பெருத்துப் போனவன். அவன் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். துப்பாக்கியக்காவை 'அக்கா' என்பதால், இவர் அவனுக்கு 'மாமா'.

தகரக் கூரைக்குக் கீழே அவள் படுத்துக்கொண்டாள். தூரத்தில் மண்மேட்டின் முன்னால் அட்டை நின்றது. காதடைப்பு மாட்டிக்கொண்டு சீட் கவர்காரர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் குண்டு. டமாரம் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்துக் கத்தினான்: "கீழே! இடதுபக்கம்!"

அவள் சைட்டின் திருகைத் திருப்பினாள். இரண்டாவது குண்டு.

"இப்ப மேல ஏறிடுச்சு!"

திருகை இந்தப் பக்கம் திருப்பினாள். மூன்றாவது எங்கோ ஓரத்தைக் கிழித்தது. மறுபடியும் அவள் விரல் திருகுக்குப் போனது.

"அக்கா! அதைத் தொடாதே!" என்று அலறினான் டமாரம். "அது என்ன ரேடியோவா, ஸ்டேஷன் தேடறதுக்கு? ஒரு குண்டு தப்பிச்சா திருகைத் திருப்பக் கூடாதுன்னு புதுசா வர்ற பசங்களுக்கு நீதானே சொல்லிக் கொடுப்பே? நாலஞ்சு குண்டு சேந்தாப்பல ஒரே இடத்துல தப்பா விழுந்தா சைட்டுல கோளாறு. இப்படி மூலைக்கு ஒண்ணா விழுந்தா சுடறவங்க கிட்ட கோளாறு."

"என் கையில ஒண்ணும் கோளாறு இல்ல."

"அதைப் பாத்துடலாம். இனிமே தோட்டாவை நீ போடாதே. மாமா, நீங்க வாங்க இங்க."

அவன் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து சீட் கவர்காரர் கையில் கொடுத்தான். அதில் பாதி நிஜத் தோட்டா. பாதி மருந்தில்லாத டம்மி. கையில் எடுத்தால்தான் எடையில் வித்தியாசம் தெரியும். "அக்கா பார்வை அட்டை மேலயே இருக்கட்டும். துப்பாக்கி வாய் மண்மேட்டை விட்டு அசையக் கூடாது. நீங்க பக்கத்துல உக்காந்து, உங்களுக்குத் தோணறதைப் போட்டுப் பூட்டுங்க. நிஜமா டம்மியான்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

சீட் கவர்காரர் முட்டி போட்டு அவள் வலப்பக்கம் உட்கார்ந்தார். முதலில் நிஜம். வெடித்தது. அடுத்ததும் நிஜம். மூன்றாவதாக டம்மியைப் போட்டார். அவள் மூச்சை இழுத்தாள், பாதியை விட்டாள், நிறுத்தினாள்.

டக்.

வெடிக்கவில்லை. ஆனால் குழலின் மூக்கு, கோழி தானியத்தைக் கொத்துகிற மாதிரி, 'வெடுக்'கென்று கீழே குத்தியது. அதைவிடப் பெரிய விஷயத்தை, ஒரு சாண் தூரத்தில் இருந்த சீட் கவர்காரர் மட்டும் பார்த்தார். விசை விழுவதற்கு முன்பே அவள் இரண்டு கண்களும் இறுக்கி மூடியிருந்தன. அடிக்கக் கை ஓங்கினவன் முன்னால் ஒரு குழந்தை மூடிக்கொள்ளுமே, அப்படி!

நிஜம் வெடிக்கும்போது சத்தமும் துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதையும் எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. டம்மியிலோ மறைக்க எதுவும் இல்லை. இன்னொன்று போட்டார். அதுவும் டம்மி. மறுபடியும் மூக்கு குத்தியது. மறுபடியும் கண்கள் மூடின.

டமாரம் அவள் பக்கத்தில் குனிந்தான். தன்னளவில் அவன் ரகசியமாகத்தான் கேட்டான், தகரக் கூரையே அதிர்ந்தது: "அக்கா, அன்னைக்கு வெடிச்சதை நீ இன்னும் மாமாகிட்ட சொல்லவே இல்லையா?"

சீட் கவர்காரர் காதடைப்பைக் கழற்றினார்.

"என்ன வெடிச்சது?"

அவள் தோட்டாவைப் பூட்டுகிற போல்ட்டைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று விரல் விட்டுப் பார்த்து, துப்பாக்கியைப் பாயின்மேல் வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அவளுடைய வலது கண்ணுக்குக் கீழே நகக்கீறல்போல ஒரு தழும்பு. வண்டிக் கதவு இடித்துவிட்டது என்று அவள் சொல்லி, அவரும் கார்க் கதவுகளையே திட்டித் தீர்த்த தழும்பு.

"வண்டிக் கதவு இல்லங்க," என்றாள்.

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, இதே இடத்தில் விசையை இழுத்தாள், தோட்டா வெடிக்கவில்லை. அப்படி ஆனால் துப்பாக்கியை மண்மேட்டுக்கு நேராகப் பிடித்தபடி அசையாமல் காத்திருக்க வேண்டும். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். பித்தளை பொறுக்கின நாளிலிருந்தே அவளுக்கு அது தெரியும். ஆனாலும் வேலைக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் உடனே போல்ட்டைத் திறந்துவிட்டாள். பாதி வெளியே வந்த தோட்டா அவள் முகத்துக்குப் பக்கத்தில் வெடித்தது. பித்தளைச் சிதறல் ஒன்று கன்னத்தில் ஏறியது. கண்ணுக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது! ரைஃபிளைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிபார்த்தாயிற்று. கன்னமும் ஆறிவிட்டது. உள்ளே இருந்த ஒன்று மட்டும் ஆறவில்லை.

"என்கிட்ட எதுக்கு மறைச்சே?"

"சொன்னா வேலையை விடச் சொல்வீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்!"

"அதான் சொல்லல."

அன்று வீட்டில் அடுப்பு எரிந்தது, சாப்பாடு ஆனது, யார் தொண்டையிலும் இறங்கவில்லை. அவருடைய அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "கண்ணு போயிருந்தா என்ன பண்ணுவே? உனக்கு என்னம்மா தலையெழுத்து? ஊர்ல எத்தனையோ பொம்பளைங்க எத்தனையோ வேலைக்குப் போறாங்க. உனக்குன்னு பாத்து இதுதானா கிடைச்சது?"

"அண்ணி, எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

"தெரிஞ்சதுதான் இப்ப மறந்துபோச்சே!"

சொன்னபின் அக்காவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. துப்பாக்கியக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். குழாயடியில் அவள் முதுகு குலுங்கியதை சீட் கவர்காரர் பார்த்தார். போய்த் தோளைத் தொட அவருக்குக் கை வரவில்லை. ஏனென்றால் அவர் மனதுக்குள் அப்போது ஓடிய எண்ணம் அப்படிப்பட்டது. 'தோத்துட்டுப் போகட்டுமே! தோத்தா வீட்ல இருப்பா. உசுரோட இருப்பா.'

பாவம், அன்பிலும் இப்படி ஒரு விஷம் ஊறும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

டமாரம் சொன்ன மருந்து ஒன்றுதான்: தினமும் காலையில் வர வேண்டும், மாமா தோட்டா போட வேண்டும், டம்மிதான் அதிகம் வர வேண்டும், நடுநடுவே எதிர்பாராமல் நிஜம். "இந்தத் தடவை வெடிக்குமா வெடிக்காதான்னு தெரியாம இழுத்து இழுத்து, கைக்கே சலிச்சுப்போகணும். பயந்து பயந்து பயமே அலுத்துப்போகணும் அக்கா." முதல் நாள் ஓரளவு பலித்தது. கடைசியில் போட்ட டம்மிகளில் குழல் லேசாகத்தான் சிலிர்த்தது. அவள் முகத்தில் பல நாளைக்குப்பின் ஒரு வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

அவள் ஜெயித்துவிடுவாள் என்று அந்த வெளிச்சத்தில் அவருக்குத் தெரிந்துபோனது.

மறுநாள் அவர் விரல்கள் ஒரு காரியம் செய்தன. பெட்டிக்குள் போய், எடை பார்த்து, நிஜத்தை மட்டுமே எடுத்தன. ஒன்றன்பின் ஒன்றாக நிஜம். ஒவ்வொரு தடவையும் வெடி. ஒவ்வொரு தடவையும் உதை. ஒவ்வொரு தடவையும் மூடிக்கொள்கிற கண்கள். டமாரம் அன்று மண்மேட்டுப் பக்கம் அட்டைச் சட்டங்களை ரிப்பேர் பண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தவன், இவர்கள் சுட்டு முடிக்கட்டும் என்று ஆபீஸில் உட்கார்ந்திருந்தான். கேட்பார் யாருமில்லை.

"இன்னைக்கு டம்மியே வரலையே?" என்றாள், தோளைத் தடவிக்கொண்டு.

"கையில வந்ததைப் போட்டேன்."

அடுத்த நாளும் அப்படியே. அட்டையில் ஓட்டைகள் மறுபடியும் நான்கு மூலைக்கும் ஓடின. பாதியிலேயே அவள் நிறுத்திவிட்டாள். துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு, எழாமலேயே, தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

"நேத்து முழுக்க நிஜம். இன்னைக்கும் நிஜம். குலுக்கிப் போட்டா இப்படி வருமாங்க?"

அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"ஊசியில நூல் கோக்கற விரல். எது கனம், எது லேசுன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றார்.

"அப்ப நான் தோக்கணும்னு..."

"ஆமா!" பெட்டியைத் தள்ளி வைத்தார். "தோக்கணும். நீ வீட்டுக்கு வரணும். ஒவ்வொரு நாளும் அந்தக் கேட் சத்தம் கேக்கற வரைக்கும் நான் செத்துச் செத்துப் பொழைக்கறேன். உனக்கு அது தெரியுமா? கண்ணு போயிருந்தா? வண்டியை எவனாவது மறிச்சா? நான் என்ன பண்ணுவேன் சொல்லு, சீட் கவர் தைச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்!"

தகரக் கூரைமேல் ஒரு காக்கை நடந்தது.

"எழுந்திரிச்சு இங்க வாங்க," என்றாள் அவள். "படுங்க."

"நானா?"

"படுங்கன்னா படுங்க. நீங்க தைச்ச பாய்தானே. கடிக்காது."

அவரைக் குப்புறப் படுக்க வைத்து, கிளப்பின் சின்ன ரைஃபிளைத் தோளில் அணைக்கச் சொன்னாள். குழல் மண்மேட்டை விட்டு விலகாமல் தன் கையாலேயே பிடித்துக்கொண்டாள். தோட்டாவை அவள் போட்டுப் பூட்டினாள். அவர் விசையில் விரல் வைத்தார். விரல் நனைந்திருந்தது. நெஞ்சு பாயை இடித்தது. இழுப்பதற்குள் பல் கிட்டி, கண் இறுகி, தோள் தானாக முன்னால் எகிறியது.

டக். டம்மி.

"கண்ணை மூடினீங்களா?"

"மூடினேன்."

"எதுக்குப் பயந்தீங்க? சத்தம் வரவே இல்லையே."

அவர் விசையிலிருந்து விரலை எடுத்தார். "வரப்போகுதேன்னு பயந்தேன்."

"நானும் அதுக்குத்தான் பயப்படறேன். நீங்க வீட்ல உக்காந்து பயப்படறதும் அதுதான். வெடிச்ச பிறகு ஒண்ணும் தெரியறதில்ல. வெடிக்கறதுக்கு முன்னாலதான் எல்லாமே." அவள் குரல் இறங்கியது. "நான் மறைச்சேன், நீங்க ஏமாத்தினீங்க. சரிக்குச் சரி. இன்னும் ரெண்டு காலை இருக்கு. நாளைக்கு நீங்க வரதா இருந்தா ஒழுங்காப் போடுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, டமாரத்தைப் போடச் சொல்றேன். ஆனா நீங்க போட்டாத்தான் எனக்கு..."

அவர் பாயிலிருந்து எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானே போடறேன்," என்றார்.

போட்டார். அடுத்த இரண்டு காலையும் டம்மி, டம்மி, நிஜம், டம்மி என்று, தன் பயத்துக்கு ஒரு வார்த்தைகூடப் பேச இடம் கொடுக்காமல் போட்டார். சைட்டின் திருகின்மேல் டமாரம் ஒரு துண்டு ஒட்டு டேப்பைச் சுற்றிவிட்டான். "இதைப் பிரிச்சேன்னா நீ எனக்கு அக்காவே இல்ல," என்றான். ஒவ்வொரு குண்டுக்குப் பின்னாலும் அவள் உடனே தலையைத் தூக்கி எங்கே விழுந்தது என்று பார்க்கக் கூடாது என்றும் கண்டிப்பு. விசை விழுந்த பிறகும் விரலை அங்கேயே வைத்து, குறியைப் பார்த்தபடி ஒரு மூச்சு விட வேண்டும். சனிக்கிழமை போட்ட கடைசி டம்மியில் சீட் கவர்காரர் குழலைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைப் பார்த்தார். அது திறந்திருந்தது. தண்ணீர் நிறைந்து, சிவந்து, ஆனால் திறந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவள் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்குச் சுடறதுக்கு முன்னால கம்பெனிக்காரங்ககிட்டயும் வெடிச்சதைச் சொல்லிடப் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அக்கா. "ஜெயிச்சுட்டு வாயை மூடிக்கிட்டு வருவியா..."

"வண்டியில என்னை நம்பி ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க அண்ணி. அவங்க முதுகு என் பக்கம்தான் இருக்கு."

அக்கா எழுந்துபோய் அவளுக்கு மட்டும் சூடாகப் பால் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள். வாயால் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி மைதானத்துக்குள் வெளியாளை விடமாட்டார்கள். சீட் கவர்காரர் வீட்டிலேயே இருந்தார். பின்சீட் உறையை எடுத்தார்; தைத்தார்; பிரித்தார்; மறுபடியும் தைத்தார். மதியம் போனது. அக்கா சாப்பிடக் கூப்பிட்டதற்கு 'ம்' என்றவர் நகரவே இல்லை. ஒருவேளை இந்நேரம் படுத்திருப்பாளோ? இழுத்திருப்பாளோ? மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியிருப்பாளோ? தன்னை அறியாமல் அவரும் மூச்சை நிறுத்தி நிறுத்தி, நெஞ்சு வலிக்கத் தொடங்கியது.

வெயில் சாய்ந்தபின் கேட் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர்கள் இரண்டு பேர். முன்னால் அவள், தோளில் துப்பாக்கிப் பெட்டியோடு. பின்னால் கம்பெனி சூப்பர்வைசர். இஸ்திரி கலையாத சட்டை போட்ட மனிதர். எதைச் சொன்னாலும் உபகாரம் செய்கிற மாதிரியே சொல்லக்கூடியவர். அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சீட் கவர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். என்ன ஆச்சு?"

"மேடம் பாஸ்," என்றார் சூப்பர்வைசர். அக்கா "அப்பாடா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் தொடர்ந்தார்: "ஆனா சொல்லிக்கற மாதிரி பாஸ் இல்லம்மா. விளிம்புல நின்னு தாண்டியிருக்காங்க. முதல் ரெண்டு குண்டு ரொம்ப மோசம். அப்புறம் கை நின்னுடுச்சு. கடைசியில போட்டதெல்லாம் ஒரு உள்ளங்கைக்குள்ள." தண்ணீரை வாங்கிக் குடித்தார். "அதோட, அந்த வெடிச்ச சமாச்சாரத்தையும் அவங்களே சொல்லிட்டாங்க. மறைச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதனாலதான் நான் நேர்ல வந்தேன்."

"என்ன சார், தண்டனையா?"

"சேச்சே. உங்க நல்லதுக்குத்தான். ஆபீஸ்ல கண்ட்ரோல் ரூம்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. ஃபோன் எடுக்கணும், வண்டி எங்க போகுதுன்னு கேமராவில பாக்கணும். ஃபேன் காத்து. துப்பாக்கி இல்ல, வெயில் இல்ல, ஆபத்து இல்ல. சம்பளத்துல ஒரு பைசா குறையாது. அந்த வண்டிக்கு ஒரு இளவட்டத்தைப் போட்டுக்கறோம்." அவர் நாற்காலியைத் திருப்பி சீட் கவர்காரருக்கு நேராக உட்கார்ந்தார். "மேடம்கிட்ட வழியெல்லாம் சொல்லிட்டேன். வாயே திறக்கல. நீங்க வீட்டுக்காரர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். அப்படியே முடிச்சுடலாம்."

அக்கா சேலை முந்தியைப் பற்றிக்கொண்டு, "ஒத்துக்கோடா தம்பி," என்றாள் மெல்ல.

ஒரு வார்த்தை! எத்தனை காலமாகவோ சொல்ல வாய்க்குமா என்று அவர் ஏங்கிய வார்த்தை, இப்போது அவர் நாக்கின் நுனியில் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தது. சரி என்றால் போதும். நாளையிலிருந்து தையல் நேராக வரும். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை துப்பாக்கிப் பெட்டியின் வாரை இறுக்கியிருந்தது. வெடிக்குமா வெடிக்காதா என்று தெரியாமல் காத்திருக்கிற அந்த நிலையை அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஆனால் அவள் கண்ணை மூடவில்லை.

"சார்," என்றார். "இதே வார்த்தையைப் போன வாரம் நீங்க கேட்டிருந்தா, உங்க கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டிருப்பேன். எனக்கு ஆசை இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். இப்பவும் ஆசைதான். ஆனா என் ஆசைக்காக ஒரு தடவை அவ கையைக் கெடுக்கப் பாத்துட்டேன் சார். ரெண்டாவது தடவை முடியாது. பதில் அவதான் சொல்லணும்."

துப்பாக்கியக்கா தலை நிமிர்ந்தாள். அவரைப் பார்த்த அந்தப் பார்வையை எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை. பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள்.

"என் இடம் எனக்கு வேணும் சார். நான் லாயக்கு இல்லைன்னு கம்பெனி நினைச்சா அதைக் கம்பெனி சொல்லட்டும், கேட்டுக்கறேன். நானா எழுந்திரிச்சுப் போகமாட்டேன்."

"மாசா மாசம் சுட்டுக் காட்டச் சொல்வாங்க."

"காட்டறேன்."

"ஒரு மாசம் தவறினாலும் அவ்வளவுதான்."

"தெரியும் சார்."

சூப்பர்வைசர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். உபகாரத்தை வாங்கிக்கொள்ளாதவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "வண்டி காலையில வழக்கமான நேரத்துக்குத்தான்," என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்ல ஜோடி சார் நீங்க," என்றார். பாராட்டா, சலிப்பா, தெரியவில்லை.

"பாத்துப் போங்க சார், படி ஈரமா இருக்கு," என்றார் சீட் கவர்காரர்.

சூப்பர்வைசர் படியிறங்கி, கேட்டைத் தாண்டி, தெருத் திருப்பத்தில் மறையும்வரை சீட் கவர்காரர் நின்று பார்த்தார். நாளைக் காலை இதே கேட்டைத் தாண்டி அவள் போவாள். நெஞ்சு முன்னைப் போலவே அடித்துக்கொண்டது. அந்தப் பயத்தோடேயே உள்ளே வந்து, கதவைச் சாத்தினார்.